நடுவில் பதினாறு குழாய்கள்

பல்கலைக்கழகப் பட்டறையில் பதினெட்டு வருடம் இரும்பு பற்றவைத்தவர் அவர். ஆட்களுக்கு நடுவே மட்டும் எதையும் பற்றவைக்கத் தெரியாத மனுஷி என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் குறைவு. வாசல் காவலர் முதல் துறைத் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் வெல்டர் அக்கா.

ஒருநாள் மூன்றாம் மாடியில் இருந்த ஆராய்ச்சிக் குழுவுக்கு ஒரு ஸ்டாண்டு தேவைப்பட்டது. அணு உலைக்கான எரிபொருள் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் பத்திரமாக இருக்கிறதா, யாராவது கொஞ்சம் உருவிக்கொண்டு போய்விட்டார்களா என்பதை மூடியைத் திறக்காமலே, அதிலிருந்து வரும் கதிர்வீச்சை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவிகளைச் செய்கிற குழு அது. அக்கா ஸ்டாண்டை அங்கேயே வைத்துச் செய்துகொடுத்தார். மறுநாளிலிருந்து கருவி கோளாறு செய்தது. எதுவும் வைக்காத வெற்று அறையிலேயே கதிர்வீச்சு எண்ணிக்கை ஏறி நின்றது. கம்பிகளை மாற்றினார்கள், கணினியை மாற்றினார்கள், பக்கத்து அறைக்காரர்களோடு சண்டை கூடப் போட்டார்கள். மூன்று நாள் இப்படியே ஓடியது.

நான்காம் நாள் அக்கா அங்கே விட்டுப்போன தன் கருவிப்பெட்டியை எடுத்துப்போக வந்தார். பெட்டி வாசலைத் தாண்டியதும் எண்ணிக்கை பொத்தென்று இறங்கியது. அவருக்குச் சட்டென்று உறைத்தது. பெட்டியில் கிடந்த பற்றவைக்கும் டங்ஸ்டன் கம்பிகளில் ஆளை ஒன்றும் செய்யாத அளவு தோரியம் என்ற கதிர்வீசும் உலோகம் கலந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். திரும்பி வந்து, தன் பெட்டிதான் காரணம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

பேராசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மூணு நாள் எங்க எல்லார் கண்ணுலயும் மண்ணைத் தூவிட்டீங்க. இதையே வேலையா செய்யறீங்களா?"

அப்படித்தான் அவருக்கு அந்த வேலை வந்தது. கருவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று தெரிய, அதை ஏமாற்றப் பார்க்கிற ஓர் ஆள் வேண்டும். போலி எரிபொருள் கட்டுகளைச் செய்து, சிலவற்றில் சரக்கை மாற்றிவைத்து, யாரிடமும் மூச்சு விடாமல் இருக்கவேண்டும். சாயங்காலம் இதை வீட்டில் சொன்னபோது, தையற்காரரான கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே, ரகசியம் காக்கிற வேலைக்கு எதையும் மறைக்கத் தெரியாத உன்னையா பிடித்தார்கள் என்று கேட்டார். நர்சிங் படிக்கும் மகள் அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டாள். அக்கா வீம்புக்கே அந்த வேலையை ஒத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

ஒரு கட்டுக்கு அறுபத்துநான்கு எஃகுக் குழாய்கள். உள்ளே வீரியம் குறைந்த யுரேனிய வில்லைகள். முதலில் அவர் ஒரு கட்டின் சரக்கை முழுவதுமே மாற்றி வைத்தார். கருவி நொடியில் பிடித்துவிட்டது. ஓரக் குழாய்களை மாற்றினார், அதையும் பிடித்தது. கருவிக்கான கணிப்பு முறையை எழுதிய ஆராய்ச்சி மாணவி, அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தொடங்கினாள். அக்காவுக்கு ரோஷம் வந்தது.

அணு எரிபொருளைச் சோதிக்கும் மூன்று ஆய்வாளர்கள் வெளியிலிருந்து கருவியைப் பார்க்க வந்த நாளில், மேசைமீது ஐந்து கட்டுகள் வரிசையாக இருந்தன. மாணவி ஒவ்வொன்றாக அளந்தாள். ஐந்தும் முழுமையாக இருப்பதாகக் கருவி சொன்னது. வந்தவர்கள் தலையாட்டினார்கள். பேராசிரியர் அக்காவைப் பார்த்தார்.

அக்கா எழுந்து மூன்றாவது கட்டை அவிழ்த்தார். நடுவிலிருந்த பதினாறு குழாய்களை உருவி, முனையைத் திறந்து கவிழ்த்தார். உருண்டு விழுந்தவை ஈயத்துண்டுகள். எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவிலிருந்து வரும் கதிரை வெளி வரிசை விழுங்கிவிடுகிறது; கருவி இத்தனை நாளும் மேல்தோலை மட்டுமே பார்த்திருக்கிறது.

மாணவி விருட்டென்று வெளியே போய்விட்டாள். அக்காவுக்குச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. வந்தவர்கள் முன்னால் இப்படிச் செய்திருக்கக்கூடாதோ என்று தோன்றியது. பின்னாலேயே போனார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோவமாம்மா?"

"ரெண்டு வருஷம் உயிரைக் குடுத்து எழுதினது, அக்கா." பிறகு அவளே கேட்டாள். "நடுவுல மாத்தணும்னு எப்படித் தோணுச்சு?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானே பண்ணின தப்புதான். ஒரு இரும்புக் கதவை மேல பளபளன்னு பத்தவச்சிருந்தேன், உள்ள பூரா பொத்தல். மேஸ்திரி தட்டிப் பார்த்துட்டு சபாஷ்னு சொல்லிட்டாரு. நான் வாயே திறக்கலை."

"அப்புறம்?"

"ஒரு மாசத்துல அந்தக் கதவு கழண்டு அவர் கால்மேலயே விழுந்துச்சு."

மாணவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் உள்ளே திரும்பியபோது, ஆய்வாளர்கள் அந்த ஈயத்துண்டுகளைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, இப்படி ஒரு சோதனை எங்கள் பயிற்சியிலும் வேண்டும் என்று பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஐந்து மாதம் மாணவியும் அக்காவும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். புதுக் கருவியில் ஒருபக்கம் நியூட்ரான்களை வீசும் சின்ன உருளை, மறுபக்கம் அவற்றை எண்ணும் குழல்கள். நியூட்ரான்கள் கட்டின் நடுவரை ஊடுருவிப் போகக்கூடியவை. இவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை அக்கா பற்றவைத்தார்; உள்ளே பொத்தல் இருக்கிறதா என்று மாணவி வேண்டுமென்றே தட்டித் தட்டிப் பார்த்தாள். கணிப்பை அவள் முதல் வரியிலிருந்து மாற்றி எழுதினாள்.

மறுபடி சோதனை நடந்தது. நான்கு நாளில் நான்கு முறை அக்கா மாற்றிவைத்தார். நான்கு முறையும் மாட்டிக்கொண்டார். ஐந்தாம் நாள் காலையில் எல்லாக் கட்டும் முழுமை என்று கருவி சொன்னது. மாணவி நம்பவில்லை. திரும்ப அளந்தாள். கட்டுகளைத் திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தாள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மூன்றாம் முறையும் அளந்தாள். அக்கா சுவரோரம் நாற்காலி போட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவளே வந்து முன்னால் நின்றாள். "தோத்துட்டேன் அக்கா. எதுல மாத்தினீங்க, சொல்லிடுங்க."

"இன்னைக்கு ஒண்ணுமே மாத்தலைம்மா. உன் கருவி சரியாத்தான் சொல்லுது."

பேராசிரியர் வாயிலிருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அந்த வருடம் வெளியான ஆய்வுக் கட்டுரையில் மூன்றாவது பெயராக அக்காவின் பெயர் அச்சானது. முழுப்பெயரைப் பார்த்ததும், இது யார் புதிதாக என்று குழுவில் பாதிப்பேர் கேட்டார்கள்.