முதல் தவலை யார் கையால்

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த மாதர் சங்கத்தின் செயலாளர் அம்மாள் என் கடைக்கு வந்தார். ஐம்பது நாற்காலியும் ஒரு பெரிய குத்துவிளக்கும் வாடகைக்கு வேண்டும் என்றார். கூடவே நானும் வேண்டும் என்றார். தொழில் செய்யும் பெண்ணின் வாழ்க்கையில் மனநிறைவு என்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். நாற்காலிக்கு வாடகை உண்டு, விளக்குக்கு உண்டு. எனக்கு மட்டும் கிடையாது.

கூட்டத்தன்று விளக்கேற்றும் நேரம் வந்தது. ஐந்து முகத்துக்கு ஐந்து பேர் என்று ஏற்பாடு. எரிகிற மெழுகுவத்தி தலைவியிடமிருந்து செயலாளருக்குப் போய், அவரிடமிருந்து டாக்டர் அம்மாளுக்குப் போய், என் வரிசைக்கு வந்ததும் என் மூக்குக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து அடுத்த பெண்மணியின் கைக்குப் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ரோட்டில் பள்ளம் வந்தால் சைக்கிள் தானாக ஒதுங்குமே, அந்த மாதிரி. விளக்கு என்னுடையது. அதைத் துடைத்து, திரி போட்டு வைத்தவளும் நான்தான். பிறகு மைக் முன்னால் நின்று மனநிறைவைப் பற்றிப் பிரமாதமாகப் பேசினேன். கை தட்டினார்கள். அன்று சொல்லாமல் விட்டதுதான் இது.

எங்களுடையது பாத்திர வாடகைக் கடை. அண்டா, தவலை, குண்டான், ஜமக்காளம், பெட்ரோமாக்ஸ் என்று ஒரு விசேஷத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். என் கணவர் முன்பக்கம் மேஜை போட்டு உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவார். அதை அவர் மிகவும் பொறுப்பாகச் செய்வார். பாத்திரம் எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததில் நசுங்கல் பார்ப்பது, காணாமல் போன மூடிக்குச் சண்டை போடுவது எல்லாம் நான். ஊரில் எனக்கு அண்டா அக்கா என்று பெயர். உருவமும் ஒத்துப்போனதால் கோபித்துக்கொள்ள வழியில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்குப் பாத்திரம் போகிறதென்றால், முதலில் ஒரு பித்தளைத் தவலைக்கு மஞ்சள் தடவி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, உள்ளே வெற்றிலை பாக்கு போட்டு, கடைக்காரரின் மனைவி கல்யாண வீட்டுப் பெண் ஒருத்தியின் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வண்டியில் ஏறும். கணவன் உயிரோடு இருக்கிறான், இரண்டு ஆண் பிள்ளை பெற்றவள், உடம்பும் நிறைந்த உடம்பு. என் கை ராசியான கை என்று பேர் எடுத்துவிட்டது. நெம்மேலியிலிருந்தும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் குப்பங்களிலிருந்தும் வழியில் வேறு கடையைத் தாண்டிக்கொண்டு என் கைக்காக வண்டி கட்டி வருவார்கள். ஒரு கட்டத்தில் நானே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். ஏதோ இருக்கிறது போலத்தான் தெரிந்தது.

இந்தத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. கல்யாணத்துக்குப் போகிற அண்டாவும் காரியத்துக்குப் போகிற அண்டாவும் ஒன்றுதான். கல்யாண வீட்டார் சந்தேகமாக, ரெண்டும் தனித்தனியாத்தானே கீது என்று கேட்பார்கள். தனித்தனிதான் என்று என் கணவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார். பொய்யில்லை. ஒவ்வொரு அண்டாவும் தனிதான். திங்கட்கிழமை பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குச் சாம்பார் கொதித்த அண்டா, புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தால் புதன்கிழமை கல்யாணத்துக்குப் பாயசம் வைக்கும்.

ஒரு மாசி மாதம் மார் வலிக்கிறது என்று படுத்த என் கணவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய காரியச் சாப்பாடு எங்கள் கடை அண்டாவில்தான் வெந்தது. மறுநாள் கடற்கரைக் குப்பத்துக் கல்யாணம் ஒன்றுக்கு அதே அண்டா போக வேண்டும், முன்பே பேசி வைத்தது. அண்டாவைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தோம். அதன் தீட்டு மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. நான் பழக்கதோஷத்தில் தவலையை எடுத்து மஞ்சள் தடவப் போனேன். கணவரின் தம்பி வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான்.

“நீ உள்ள போ அண்ணி. வண்டிக்காரங்க வர்ற நேரம்” என்றான்.

திட்டவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. மழை வருது, கொடி மேல கீற துணிய எடு என்று சொல்கிற குரல். உள்ளே போனால், அவன் மனைவி பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் அன்று தவலையைக் கொடுத்தாள். நான் அண்டா அடுக்குக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நல்ல மறைவு. அண்டாவோடு அண்டாவாக யாருக்கும் தெரியவில்லை.

வண்டி போன பிறகு கொழுந்தன் பக்குவமாகப் பேசினான். கல்யாணக் கடையில் என்னை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது, கடையைத் தன்னிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாக வீட்டில் இருக்கலாம். “உனுக்கும் பசங்களுக்கும் நான் சோறு போட மாட்டனா?” என்றான். என் சோற்றை எனக்கே போட ஒரு ஆள் கிடைத்துவிட்டான். உறவுக்காரர்கள் எல்லோரும் அவன் சொல்வது நியாயம் என்றார்கள். அவன் மனைவி இன்னும் நாலு கல்யாணத்துக்குத் தவலை கொடுத்தால் போதும், கடை அவள் கடை என்று ஊரே சொல்லிவிடும். அது எனக்குத் தெரிந்தது. கோடவுன் சாவி என் இடுப்பில் இருந்தது. அதைப் பிடுங்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. என் இடுப்பு அப்படி.

பின்கட்டில் பாத்திரம் தேய்க்க ஒருத்தி இருந்தாள். மாமல்லபுரத்துப் பக்கக் குப்பத்துக்காரி. அவள் பெண் தவழ்கிற வயதில் புருஷன் வேறு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு பம்பாய் போனவன், போனவன்தான். கடுதாசி இல்லை, காசு இல்லை. ஆனால் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. அடுத்த கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் அவளிடம் போய், இனிமேல் தவலையை நீதான் கொடுக்க வேண்டும், அதற்குத் தனியாகக் கூலி என்றேன். சாம்பல் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நானா? எங்க வூட்டுக்காரன் எங்கியோ கீறான், எவளாண்டயோ கீறான்.”

“அதான் தெரியுமே.”

“ஆனா கீறான், இல்ல?” என்றாள். சிரித்து முடித்தபோது இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

குளித்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்து, என்னுடைய பழைய கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் தவலையைக் கொடுத்தாள். எனக்கு இனி அந்தப் புடவையால் உபயோகமில்லை. கொழுந்தன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வேலை இல்லாததால் சம்பளத்துக்கு மேஜையில் வந்து உட்கார்ந்தான். வெளியே அவன் முதலாளி, நான் உள்ளே சமையல்காரி மாதிரி. கடை என்னிடமே இருந்தது. இருக்கிறது என்று உள்ளே இருந்துகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வருஷம் ஓடியது. அவள் கை என் கையைவிடப் பெரிய ராசியாகிவிட்டது. கல்யாணமான பெண்கள் குழந்தையைத் தூக்கி வந்து அவளிடம் காட்டிவிட்டுப் போவார்கள். உன் கை பட்ட கல்யாணம்மா என்பார்கள். அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தேய்க்க உட்காருவாள். வியாபாரம் பெருகியது, எவர்சில்வர் செட் வாங்கினேன், இரண்டு அறை கட்டினேன். அந்த வருஷங்களில் எனக்கு ரத்தக் கொதிப்பும் வந்தது. டாக்டர் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். வேறு எங்கே வைப்பது? பரணில் இடமில்லை.

ஒரு ஆவணி மாதக் காலையில், பம்பாயில் கொத்து வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய அவள் குப்பத்து ஆள் ஒருவன் பின்வாசல் வழியாக அவளைத் தேடி வந்தான். அவள் புருஷன் மஞ்சள் காமாலையில் செத்துப் போய்விட்டானாம். எப்போது என்றால், போன வருஷத்துக்கும் முந்தின வருஷம். காரியமெல்லாம் அந்தப் பொம்பளையே பண்ணிவிட்டாளாம். குப்பத்தில் யாருக்கும் தெரியாது, தானும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அங்கே நிற்கப் பயந்தவன் போல, மோர் கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவள் குண்டானைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ பளபளத்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அப்போ போன வருசம் பூரா நான் குட்த கல்யாணம்லாம் இன்னாக்கா ஆவறது?” என்றாள்.

“நல்லாத்தான் கீது. போன வாரம்தானே ஒருத்தி ரெட்டைப் புள்ளையக் கொண்ணாந்து காட்டிட்டுப் போனா?”

அதற்கு அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவனுக்காகவா, தனக்காகவா என்று நான் கேட்கவில்லை. அப்போது முன்பக்கம் மாடுகளின் மணி கேட்டது. மறுநாள் சிங்கப்பெருமாள் கோயிலில் கல்யாணம், பாத்திரம் அன்றே போக வேண்டியது. மேஜையிலிருந்து கொழுந்தன், “கையக் கழுவிக்கினு வாம்மே, வண்டி வந்துட்ச்சி” என்று குரல் கொடுத்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம், உட்கார்ந்து அழு என்று நான் சொல்லலாம். சொன்னால் பட்டுப்புடவை தயாராக இருக்கிறது. கொழுந்தன் மனைவி கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருப்பவள்தான். போ என்றும் நான் சொல்லலாம். அது எந்த வாயால்? அவள்தான் எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். பளபளக்கிற குண்டானின் அடியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். உள்ளே போயிருந்த மஞ்சள் கயிற்றை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளியே எடுத்துப் போட்டாள். வாசலில் அவள் குரல் கேட்டது, நல்லா இருங்கம்மா என்று. தேன் மாதிரி குரல்.

திரும்பி வந்து, “ஒன் கூலிதான் எனுக்குக் கஞ்சி, என் கயிறுதான் ஒனுக்குக் கடை. இத்தப் போயி எவன்கிட்டச் சொல்றது?” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. கண்டக்டருக்குத் தோல்பை எப்படியோ அப்படி அவளுக்கு அந்தக் கயிறு, வேலைக்கு வந்தால் மாட்டிக்கொள்வது. செத்தவனுக்கு ஒரு வேளை பட்டினி கூட அவளால் இருக்க முடியவில்லை, யாராவது ஏன் என்று கேட்பார்கள். தை வந்தால் கல்யாணம், கல்யாணத்துக்குத் தவலை, தவலைக்கு அவள். முன்னால் ஒரு தாலியறுத்தவள், பின்னால் ஒரு தாலியறுத்தவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து செங்கல்பட்டிலிருந்து கடல் வரைக்கும் ஜனங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தோம். எல்லாம் செழிப்பாக இருந்தன. இதைவிடப் பெரிய வேடிக்கை என் வாழ்நாளில் நான் பண்ணியதில்லை. பாழாய்ப் போன வேடிக்கை, வெளியே சொல்லிச் சிரிக்க முடியாதது. மாதர் சங்கத்து மைக்கின் முன்னால் அது என் நாக்கு நுனி வரை வந்தது. அவள் கஞ்சியை நினைத்து முழுங்கிவிட்டேன்.

அந்தக் கூட்டம் நடந்த மறு வருஷம் அவள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கேளம்பாக்கத்தில் உப்பளத்தில் வேலை பார்ப்பவன். பாத்திரம் எல்லாம் நம் கடையிலிருந்துதான், வாடகை பேசினால் அடிப்பேன் என்று சொல்லியிருந்தேன். பாத்திரம் எடுத்துப் போக மாப்பிள்ளை வீட்டார் சிலரும் அவள் நாத்தனாரும் வண்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். கொழுந்தன் அவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தான்.

நான் பின்கட்டில், முந்தின நாள் ஒரு காரியத்திலிருந்து வந்த அண்டாவுக்குப் புளி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். கையில் தவலை, மஞ்சள் தடவியது, குங்குமம் இன்னும் வைக்கவில்லை. சிமிழை என்னிடம் நீட்டினாள்.

“நீ குடுக்கா. எம்பொண்ணுக்கு நீ குடு” என்றாள்.

“உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? அத்தினி பேரு வாசல்ல கீறாங்க.”

“வாசல்ல இல்ல, இங்க. தெரியாதவங்களுக்கெல்லாம் நான் குட்துகினே கீறேன். நீ யாருன்னு தெரிஞ்சி வாங்கறவ ஒருத்தி வாணாமா?”

வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். யாரும் உள்ளே வருகிற மாதிரி தெரியவில்லை. சிமிழில் விரலை விட்டேன். மூன்று பொட்டு வைக்க வேண்டியதற்கு நாலு வைத்துவிட்டேன், அவ்வளவு நாளாகிவிட்டது. வெற்றிலை பாக்கு போட்டுத் தவலையைத் தூக்கினேன். கல்யாணத் தவலை அவ்வளவு லேசானது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. அவள் முந்தானையை இரண்டு கையிலும் ஏந்தி, குனிந்து வாங்கிக்கொண்டாள். தேய்க்கிற கல்லுக்கும் சாம்பல் மேட்டுக்கும் நடுவில், நாங்கள் இரண்டு பேர்.

கொஞ்சம் கூட நிற்கவில்லை. அதிகமாக இருந்த பொட்டைக் கட்டை விரலால் அழித்துவிட்டு, கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு முன்பக்கம் போனாள். அதே தவலையை அங்கே நாத்தனார் கையில் இன்னொரு தரம் கொடுத்தாள். நல்லா இருங்கம்மா என்ற குரல் எனக்குக் கேட்டது. இந்தத் தடவை தேன் மாதிரி இல்லை, கரகரப்பாக இருந்தது.

பாத்திரம் ஏற்றுகிற சத்தம் கேட்டது. யாராவது தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்கு வருவார்கள். என் விரலைப் பார்த்தேன், நுனியெல்லாம் குங்குமம். ஊறின புளியை ஒரு பிடி அள்ளி, விரலுக்கு விரல் அழுத்தித் தேய்த்தேன். அது உடனே போய்விட்டது.