ராஜா எழும்பும்வரை

இந்த ஊரில் இறந்தவர்களுக்குப் பெஞ்சு போடுகிறார்கள். ஆற்றோரம் நடந்தால் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பெயர். கீழே, ‘இவருக்கு இந்த இடம் பிடிக்கும்’ என்று எழுதியிருக்கும். வந்த புதிதில் உட்காரவே கூசியது. இப்போது யாரோ ஒரு அம்மாளின் பெஞ்சில்தான் என் மதியச் சாப்பாடு. செத்தவர்களோடு இவ்வளவு சுமுகமாக வாழும் இங்கிலாந்துக்காரர்கள், ஒரேயொரு ராஜாவை எழுப்பத் தெரியாமல் திணறியதையும் நான் பார்த்தேன்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெரிய நாடகாசிரியர் வாழ்ந்தார். அவருடைய எல்லா நாடகங்களையும் மாதம் ஒன்றாகக் கூடி வாசிப்போம் என்று நூலகத்தில் நோட்டீஸ் ஒட்டியவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் கூலிகளுக்குக் கட்டிய லயத்து வீட்டிலிருந்து வந்தவள், இவர்களுடைய நாடகத்தை இவர்களையே வாசிக்க வைக்கிறேன் என்ற கர்வம் எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் இரண்டே பேர்: ஓய்வுபெற்ற தபால்காரர் கென், நூலகப் பொறுப்பாளர் ஜூடித். முதல் நாடகத்தில் ராஜாவுக்கு ஆளில்லை. தோட்டத்திலிருந்த அப்பாவை வீடியோவில் சேர்த்தேன். அப்பாவுக்கு வாசிப்பு வராது. வசனங்களைத் தமிழாக்கிக் குரல்பதிவாக அனுப்பினேன். அப்படியே மனப்பாடம் செய்துவிட்டார்.

அப்பாவுக்கு வேஷம் புதிதல்ல. மாசியில் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்தில் பல வருடம் காமனாக நின்றவர். சிவன் எரிப்பார், ரதி அழுவாள், மூன்றாம் நாள் காமனை எழுப்பித்தான் கூத்தை முடிப்பார்கள். எழுப்பாமல் விட்டால் வேஷம் கட்டியவருக்கு ஆகாது. ஒரு வருடம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியும், காமன் எழும்பும்வரை ஒருவரும் லயத்துக்குத் திரும்பவில்லை. இதையெல்லாம் நான் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை வாசிப்பின் கடைசிக் காட்சியில், ராஜாவின் அண்ணன் மகனாக வாசித்த கென் சுருட்டிய செய்தித்தாளால் காற்றில் ஒரு குத்து குத்தினார். திரையில் அப்பா அலறிக்கொண்டு பாயில் சரிந்தார். ஜூடித் கைதட்டினார். அப்பா எழும்பவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, மூச்சில் அவர் வயிறு ஏறி இறங்கியது.

அம்மாவின் முகம் திரையை நிறைத்தது. “எப்ப பாப்பா எழுப்புவீங்க?”

“அவ்வளவுதாம்மா. ராஜா செத்தாச்சு, நாடகம் முடிஞ்சிருச்சு.”

“என்னாது? நாளன்னைக்கி பதுளை ஆஸ்பத்திரியில ஹெர்னியா ஆபரேசன வச்சிக்கிட்டு, மனுசன செத்தபடியே போட்டுட்டுப் போறதா? இதத்தான் படிச்சியா நீ? எழுப்பாம நான் அனுப்ப மாட்டேன்.”

பாயிலிருந்து அப்பா, “குத்துனவரயே எழுப்பச் சொல்லு பாப்பா. நல்ல மனுசனாத்தான் தெரியுறாரு” என்றார்.

“செத்தவரு பேசக்கூடாது. சும்மா படுங்க!”

நான் மொழிபெயர்த்தேன். ஜூடித் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அப்படியொரு காட்சி இல்லையே என்று வருந்தினார். கென் அதைப் புகார் என்று எடுத்துக்கொண்டார். “சரியாகத்தானே கொன்றேன்?” அதற்குள் மதியம் நூலகம் மூடும் நேரமாகிவிட்டது. ஜூடித் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். இது மூடநம்பிக்கை என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். ஆபரேஷனுக்கான தேதி கிடைக்க அப்பா எத்தனை மாதம் வலியோடு காத்திருந்தார் என்பது நினைவுக்கு வந்தது. கைபேசியை அணைக்காமலே கென்னையும் ஜூடித்தையும் வெளியே அழைத்துவந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளித்துக் கூப்பிட வேண்டும் என்று கென்னுக்கு விளக்கினேன். “எந்தத் தண்ணீர்?” என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். எதுவானாலும் சரி என்றேன். தொப்பியைக் கழற்றி உள்ளங்கையை நீட்டி மழையை ஏந்தினார். என் கைபேசிமேல் அதைத் தெளித்து, “தயவுசெய்து எழுந்திருங்கள், அரசே. உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை” என்றார். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. ஜூடித் குடையைப் பிடிக்க மறந்து நின்றார். நான் தமிழில் சொன்னேன்.

அப்பா கண்ணைத் திறந்து எழும்பி உட்கார்ந்தார். “குத்துன பெரியவருக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுங்க பாப்பா” என்றார் அம்மா. என் கண்ணாடியெல்லாம் நீர். துடைக்கத் தோன்றாமல் நின்றேன். ஸ்பிரிங்வெளியில் நல்ல சாயங்கால வெயில். இங்கே பெய்த மழையை அப்பா அங்கே துண்டால் முகத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.