ஆபரேஷனை விட்டுவிட்டு ஒரு சாட்சியா?

போன ஞாயிறு ஆராதனை தொடங்கும் முன் சபை மூப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சிஸ்டர், இன்னைக்கு நீங்க சாட்சி சொல்லணும். ஆனா அந்த ஆபரேஷன் கதையை விட்டுருங்க. ஜெபிச்சோம், கர்த்தர் நடக்க வச்சாருன்னு சுருக்கமா முடிங்க. கேக்கிறவங்களுக்கு விசுவாசம் வளரும்லா" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். பாதிச் சாட்சி சொல்வதற்கு எனக்கு வாய் வராது. அதனால் நம் சபைப் பத்திரிகைக்கு முழுசாக எழுதித் தருகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் படட்டும். எனக்கும் கோபம் இருக்கிறது. அது கர்த்தர் மேல் இல்லை.

என் கணவர் தாவீதை இராஜபாளையத்தில் உங்கள் எல்லாருக்கும் தெரியும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவர். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. சில வருஷங்களுக்கு முன் புற்றுநோய் என்று மதுரையில் அவருக்கு ஒரு கிட்னியை எடுத்தார்கள். அதன் பிறகு நன்றாகத்தான் இருந்தார். போன ஈஸ்டர் முடிந்ததும் நடு முதுகில் வலி தொடங்கியது. நிற்கிற வலிதானே என்று தைலம் தேய்த்தோம். ஆனால் படுத்தால் அந்த வலி கூடியது. நெஞ்சைச் சுற்றிப் பெல்ட் போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது என்றார். கால்களில் எரிச்சல். மதுரைக்குப் போவோம் என்று நான் சொன்னபோது, சபையில் உபவாச ஜெபம் ஏற்பாடு செய்தார்கள். அது முடியட்டும் என்றார்கள். முடிந்தது. மறுநாளே கால் எரிச்சல் போய்விட்டது.

அந்த ஞாயிறு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மூப்பர் அவரை மேடைக்கு அழைத்தார். "கால் எரிச்சல் இருக்கா பிரதர்?" என்று மைக்கை நீட்டினார். "இல்ல" என்றார் இவர். "நடங்க!" என்றார். இவர் நடந்தார். மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போவதற்குள் கால் பின்னியது, தள்ளாடினார். அபிஷேகம் இறங்குகிறது என்று மைக்கில் அறிவித்தார் மூப்பர். நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். சபையே சந்தோஷத்தில் கத்தியது.

வீட்டு வாசலில்தான் நான் அவருடைய காலைப் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. "செருப்பை எங்க விட்டீங்க?" என்றேன். குனிந்து பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. வெயிலில், தார் ரோட்டில், ஒரு கால் வெறுங்காலாக நடந்து வந்திருக்கிறார், சூடு உறைக்கவில்லை. கட்டிலில் உட்காரவைத்தேன். "ஏட்டி, கால்ல கிள்ளிப் பாரு" என்றார். கிள்ளினேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தவர், "ம், கிள்ளு" என்றார். நான் ஏற்கெனவே கிள்ளி முடித்திருந்தேன். எரிச்சல் சுகமாகிப் போகவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. அதற்குத்தான் நாம் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குப் போன் போட்டேன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர். கார் கொண்டு வந்தார். அன்றைக்கே மதுரைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கிட்னியில் இருந்த அதே நோய் முதுகெலும்புக்கு வந்திருந்தது. ஒரு முள்ளெலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நெரிக்கிறது என்றார்கள். வீக்கம் குறைய ஊசி போட்டார்கள். முதுகெலும்பு டாக்டர் வந்து, சீக்கிரமே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ரத்தம் நிறையப் போகலாம், ஆபத்தும் உண்டு, நடை திரும்பும் என்று சத்தியம் பண்ண முடியாது என்றும் மறைக்காமல் சொன்னார்.

அத்தான் குதித்தார். "முதுகுத் தண்டுல கத்தி வச்சா ஆளு படுத்த படுக்கைதான். புற்றுல கத்தி பட்டா அம்புட்டும் பரவிரும். கிட்னியை அறுத்ததுலதான் இங்க வந்திருக்கு. கரண்டு வச்சா போதும்" என்றார். ரேடியேஷனைத்தான் நம் பக்கம் கரண்டு என்கிறோம். எனக்கும் பயம்தான். அறுக்காமல் குணமானால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த நேரம் பார்த்து மூப்பர் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "சிஸ்டர், கர்த்தர் தொட்ட இடத்துல மனுஷன் கத்தி வைக்கலாமா? மேடையில சாட்சி சொன்ன பொறவு ஆபரேஷன்னா நம்ம சபைக்கு என்ன பேரு?" என்றார். கட்டிலில் கிடக்கிறவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபையின் பெயர் கெட்டுவிடுமே என்றுதான் அவருக்குக் காய்ச்சல். போனை அணைத்தேன்.

வராண்டாவில் தண்ணீர் டிரம் பக்கம் போய் நின்று ஜெபித்தேன். உபவாசம் இல்லை, மைக் இல்லை. "கர்த்தாவே, நான் அற்புதம் கேட்கவில்லை. கத்தியா, கரண்டா? மறைக்காமல், பயமுறுத்தாமல் சொல்கிற ஒரு வாயை எனக்குக் காட்டும்" என்றேன். அழுகைகூட வரவில்லை. கோபத்தோடுதான் கேட்டேன்.

ஆமென் சொல்லித் திரும்பினால் அத்தான் நிற்கிறார். "கரண்டு வைக்கிற டாக்டரம்மா கீழ இருக்காவ. வா, அவிய வாயாலயே கேட்போம். ஆபரேஷன் வேண்டாம்னுதான் சொல்லுவாவ" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அந்த டாக்டரம்மா படத்தை விளக்கில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் இவருக்கு முதல்ல கரண்ட் வைக்க மாட்டேன்."

"என்னம்மா சொல்லுதீங்க?" என்று அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"கரண்ட் புற்று சதையைச் சுருக்கும். எலும்புத் துண்டை நகர்த்தாது. இங்க நெரிக்கிறது எலும்பு. அதோட கிட்னியிலருந்து வர்ற புற்று சாதாரணக் கரண்டுக்குச் சட்டுனு கரையாது. சில புற்று சீக்கிரம் கரையும், அதுன்னா நானே ஆரம்பிச்சிருப்பேன். பல இடத்துல பரவி, உடம்பு தாங்காத ஆளா இருந்தாலும் கத்தி வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். இவருக்கு நெரிக்கிறது ஒரே இடம். உடம்பும் தாங்கும். இன்னும் கொஞ்சம் நடை மிச்சமிருக்கு. அது போறதுக்குள்ள அழுத்தத்தை எடுத்து, கம்பியும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்தணும். புண் ஆறினதும் என்கிட்ட வாங்க. அப்போ நான் கரண்ட் வைக்கிறேன்" என்றார்.

"கத்தி பட்டா பரவும்னு சொல்லுதாங்களே?" என்று அத்தான் விடவில்லை.

"கிட்னியை எடுக்கிறதுக்கு முன்னாடியே ரத்தத்தோட கிளம்பி வந்திருக்கும் ஐயா. கத்தி கொண்டுவரலை. இங்க நின்னு பேசுற நேரத்துல அந்த நரம்பு செத்துக்கிட்டிருக்கு."

நான் கேட்ட வாய் அதுதான். எங்களை மடக்க அத்தான் தேடிப் போன ஆளையே கர்த்தர் என் ஜெபத்துக்கு வந்த பதிலாக நிறுத்தினார். மேலே ஓடிவந்து கணவரிடம் சொன்னேன். "அப்ப பண்ணச் சொல்லு. மேடையில நடந்தது போதும், தறிக்கு நடந்து போகணும்" என்றார்.

ரத்தம் கொடுக்க வந்தவர்கள் தறிக்காரர்கள், வேனில் வந்தார்கள். சபையிலிருந்து வந்தது போன்கள் மட்டும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஏன் விசுவாசத்தில் குறைந்துபோனோம் என்று.

ஆபரேஷன் முடிந்து சில நாளில் பெருவிரல் அசைந்தது. நான் கிள்ளினேன். "ஏட்டி, வலிக்குதுல்லா!" என்று கத்தினார். என் வாழ்க்கையில் கேட்ட எந்த அல்லேலூயாவும் அதற்கு ஈடில்லை. கட்டைப் பிரித்தபோது அந்தத் துணியைத் தடவிப் பார்த்து, "இது நம்மூர் நெசவுதான்" என்றார். அப்போதுதான் நான் அழுதேன்.

புண் ஆறியதும் அதே டாக்டரம்மா கரண்டு வைத்தார். இப்போது மாத்திரை ஓடுகிறது. நோய் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லச் சொல்லி என்னிடம் மைக்கை நீட்டாதீர்கள். இதற்கு முன் நான் ஜெபத்தை முடித்துவிட்டுச் சும்மா இருந்து காத்திருப்பேன். இப்போது கேட்டுவிட்டுப் பதில் எந்த வாசலில் வருகிறது என்று கண்ணைத் திறந்து பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வாசலையும் பார்க்கிறேன்.

போன ஞாயிறு மூப்பர் என் கணவரிடமும் போனார், மேடையில் ஒருதரம் நடந்து காட்டச் சொல்லி. இவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, "வேணும்னா தறிக்கு வாங்க மூப்பரே. தினம் நடந்துதான் போறேன்" என்றார்.

என் கர்த்தருக்கு நன்றி. அந்த டாக்டர்களுக்கும் நன்றி. இரண்டாவது நன்றியை வெட்டிவிட்டு அச்சிடுவதானால் முதல் நன்றியையும் சேர்த்து வெட்டிவிடுங்கள், இரண்டும் ஒன்றுதான்.

நீங்களும் கர்த்தரை நம்புங்கள், மனசாரச் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் முதுகு வலிக்கிற ஒருவருக்குக் கால் மரத்துப்போனால், கைதட்டாதீர்கள். காரைப் பிடியுங்கள். காரில் உட்கார்ந்து ஜெபியுங்கள். அங்கேயும் கர்த்தருக்குக் காது கேட்கும்.