ரயில் நின்று கார் போகும் ஊர்

புதன்கிழமை மதியம் பாங்காக்கில் இறங்கினேன். ஹைதராபாத்திலிருந்து மூன்றரை மணி நேரம், கால் நீட்ட இடமில்லை. வெளியே வந்தால் மழை.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. மகள் ரேவதி இரண்டே வருடம் என்று சொல்லி அங்கே வேலைக்குப் போனாள். நான்கு ஆகிவிட்டது. இப்போது அவள் கம்பெனியே ஹைதராபாத் ஆபீசுக்கு மாற்றித் தருகிறது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் அவள் சொல்ல வேண்டும். போனில் கேட்டால் மழுப்புகிறாள், நேரில் கேட்டு வாருங்கள் என்று என் மனைவி மல்காஜ்கிரி வீட்டிலிருந்து என்னைக் கிளப்பிவிட்டாள்.

வியாழனும் வெள்ளியும் ரேவதி ஆபீஸ் போனபின் தனியாகத் திரிந்தேன். சாலைக்கு மேலே ஓடும் ரயிலில் குறைந்த கட்டணம் பதினேழு பாத். உள்ளே ஏசிக் குளிர் எலும்பில் இறங்குகிறது, ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் மனைவிக்குப் போன் போட்டதும் பக்கத்துப் பெண் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டாள். ப்ரதுநாம் சந்தையில் மழைத்தண்ணீர் கணுக்கால் வரை. அங்கே சட்டை மூட்டை கட்டிக்கொண்டிருந்த நம் ஊர் வியாபாரி ஒருவர் ஊர் எப்படி என்று கேட்டார். பிடிக்கவில்லை என்றேன். "கைக்கு?" என்றார், ஏன் என்று நம் ஊர் உருதுவில். காலடித் தண்ணீரைக் காட்டினேன்.

சனிக்கிழமை ரேவதிக்கு லீவு. ரயில்காரருக்கு ரயில் காட்டுகிறேன் என்றாள். ஹுவா லம்போங் நிலையத்தில் காலை எட்டு மணி வண்டி. சாச்செங்சாவ் வரை 61 கிலோமீட்டர், மூன்றாம் வகுப்புக்குப் பதின்மூன்று பாத், நம் பணத்தில் முப்பத்துச் சொச்சம் ரூபாய். பழைய டீசல் வண்டி, திறந்த ஜன்னல். இரண்டு பக்கமும் தகரக் குடிசைகள், கறுப்புச் சாக்கடை.

அசோக் சாலைக்கு முன்னால் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். தண்டவாளத்தின் மேல் கார்கள். கேட் சாத்தவில்லை. கார்கள் நகர்வதற்காக ரயில் காத்துக்கொண்டிருந்தது. முப்பத்தோரு வருடம் செகந்திராபாத் பக்கம் கேட்மேனாக இருந்தவன் நான். எனக்கு ரத்தம் கொதித்தது. வாசலில் நின்று கத்தினேன். யாருக்குப் புரியும்?

"ப்பா, நக்கோ, வேணாம். உட்காருங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள் ரேவதி.

"கேட்டைச் சாத்தத் துப்பில்லாத ஊர். எங்க கேட்ல மந்திரி காரா இருந்தாலும் நின்னுதான் போகும்."

"தெரியும். நீங்க சாத்தினா சாத்தினதுதான். வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு. யார் என்ன பேச முடிஞ்சது?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"நேனு ராவட்லேது, ப்பா" என்றாள்.

வரவில்லையாம். பள்ளிக்கூட நாளிலிருந்தே என்னிடம் சொல்லப் பயப்படுவதைத் தெலுங்கில்தான் சொல்வாள். ஆனால் அன்று குரலில் பயம் இல்லை.

பதினோரு நிமிடம் நின்றபின் வண்டி நகர்ந்தது. சாச்செங்சாவில் இறங்கிச் சோறு தின்றோம். அங்கே ஆற்றங்கரையில் ஒரு பெரிய கோயில் இருக்கிறது. உள்ளே போனோம், என்ன பார்த்தேன் என்று நினைவில்லை. மதிய வண்டியில் திரும்பினோம். அதற்கும் பதின்மூன்று பாத்.

ஞாயிறு காலை விமான நிலையத்தில், அடுத்த தடவை அம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றாள். சரி என்று சொல்லியிருக்கலாம். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பாங்காக்கில் பார்க்க நிறைய இருக்கிறது. போகிறவர்கள் குடை கொண்டு போங்கள். இங்கே எங்கள் ரயில்கள் காருக்காக நிற்பதில்லை, அந்த மட்டில் நம் ஊர் மேல்.

வந்த மறுநாள், மாடியில் ரேவதிக்காகச் சுண்ணாம்பு அடித்து வைத்த அறைக்கு வாடகைப் பலகை மாட்டினேன். சாயங்காலம் பார்த்தால் பலகை இல்லை. என் மனைவி கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தாள். அதை நான் மறுபடி மாட்டவில்லை.