சகலை வீட்டு ஃப்ரிட்ஜ்

ஐஸ்கிரீமுக்கு மூன்றாவது கிளறல். ஃப்ரீசரிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து ஈரத்துணி மேல் வைக்கிறார். முள்கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி நடுவுக்குக் கொண்டுவருகிறார். சுண்டக் காய்ச்சிய பாலில் ஊசி ஊசியாகப் பனி பிடித்திருக்கும். அதை உடைத்தால்தான் நாக்கில் மணல் போல நெருடாது. இரண்டு நிமிடத்துக்குள் டப்பா உள்ளே போய்விட வேண்டும். போய்விடுகிறது.

"நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் யாராவது கதவைத் தொட்டீங்க, கையை உடைப்பேன்."

வீட்டில் இருப்பது அவர் மனைவியும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருக்கும் நண்பன் நானும் மட்டும். "ஆமா, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து எட்டிப் பாக்கறது நான்தானே!" என்கிறார் அந்த அம்மாள், அறைக்குள்ளிருந்து.

தொழில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தெர்மாமீட்டர் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கடைத்தெருவில் அவர் பெயர் 'கேஸ்'. கேஸ் போனால் ஃப்ரிட்ஜ் குளிராது. அவரைக் கேட்டால் மனிதர்களும் அப்படித்தான். வேலைக்குச் சோம்புகிற தம்பி "கேஸ் இல்லாத ஆளு". ரகசியம் தங்காத எதிர்வீட்டுக்காரர் "எங்கயோ லீக்கு". ஒருமுறை விருந்துக்குப் போன இடத்தில் ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் நெகிழ்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்ச் சரிசெய்திருக்கிறார். "கோணலா விட்டுட்டு வந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

ஞாயிறுதோறும் மதியம் மாமனார் வீட்டார் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பின் வருவது இவர் டப்பா. பால், பாலேடு, சர்க்கரை, வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. பழம் கிடையாது. "பழம் தண்ணி விடும். தண்ணி விடறது எதையும் நான் நம்பறதில்ல."

இந்தக் குடும்பத்தில் இவரிடம் இருப்பது இந்த டப்பா ஒன்றுதான். மற்றதெல்லாம் சகலையிடம். மனைவியின் அக்காள் கணவரான அவர் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. மூன்று மாடி வீடு. மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அவர் கார்தான். மாமியார் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் இரண்டு தலை நிமிரும். ஆனால் எழுந்து போகிறவர் சகலைதான். டப்பாவின் மூடி திறக்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் அந்தச் சொல் இவருடையது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பதினொரு வருடமாகச் சகலை வீட்டு ஃப்ரிட்ஜை இவர் தொட்டதில்லை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. "உங்களுக்கு எதுக்குச் சிரமம் சகலை? கம்பெனி ஆளுங்க வந்து பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டாராம். இதை எனக்குச் சொன்னபோது முள்கரண்டி டப்பாவில் கொஞ்சம் வேகமாகச் சுற்றியது.

இப்போது சகலை ஐஸ்கிரீம் மெஷின் வாங்கிவிட்டார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடுமாம், ஸ்விட்சைப் போட்டால் போதுமாம். "ஸ்விட்சு போட்டா லைட்டு எரியும். ஐஸ்கிரீம் எப்படி வரும்?" என்று இரண்டு நாளாக எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு மாமனார் மாமியாரின் ஐம்பதாவது கல்யாண நாள். நாற்பது பேர் வருகிறார்கள். ஐஸ்கிரீம் யார் செய்வது? "பெரிய மாப்பிள்ளை மெஷினையும் ஒரு தடவை பாத்துடுவோம். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றிருக்கிறார் மாமியார். பார்க்கப் போகிற நாள் இன்று.

மனைவி கூடமாட உதவச் சகலை வீட்டுக்கு முன்னதாகவே கிளம்பிவிட்டார். நான்காவது கிளறல் முடிந்து கெட்டியானதும் டப்பாவைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து என் மடியில் கொடுத்து, ஸ்கூட்டரை எடுத்தார். சகலை வீட்டில், "ஃப்ரீசர்ல வெச்சுடட்டுமா?" என்று அக்காள் கேட்டதற்கு, "வேண்டாம்க்கா, அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்" என்று பெட்டியைத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டார்.

மெஷின் அழகாகத்தான் இருந்தது. அதற்கொரு கிண்ணம். அதன் இரட்டைச் சுவருக்குள் ஏதோ திரவம் அடைத்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து அந்தத் திரவம் கல்லாக உறைந்த பிறகுதான் பாலை ஊற்ற வேண்டும். சகலை கிண்ணத்தைத் தூக்கினார். உள்ளே 'களக்' என்றது.

மெக்கானிக்கின் தலை சட்டென்று நிமிர்ந்தது. திரவம் உறையவில்லை. இதில் எத்தனை மணி நேரம் பால் சுற்றினாலும் பாலாகத்தான் இருக்கும். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மாமியார், "பாருங்க, பெரிய மாப்பிள்ளை கை அழுக்காகாம வேலை செய்யறதை!" என்றார். மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

இருபது நிமிடம் நாற்பதாகி, நாற்பது அறுபதானது. மெஷின் சளைக்காமல் சுற்றியது. மாமனார் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை, டம்ளர்ல ஊத்திக் குடுத்துடுங்க. குடிச்சுட்டுப் போய்ப் படுக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் காலடிப் பெட்டி திறந்தது. டப்பாவில் கரண்டி இறங்கியபோது சத்தமே இல்லை. வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மாமியார் இரண்டாவது முறை கிண்ணம் நீட்டினார். "அடுத்த வாரமும் நீங்களே செஞ்சுடுங்க மாப்பிள்ளை."

அந்தச் சொல்லை மெக்கானிக் வாயில் போட்டுக் கரைத்துக்கொண்டிருக்கையில் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தக் கிண்ணம் சத்தம் போட்டது எனக்கே கேட்டுது. உங்களுக்குக் கேக்கலையா?"

"என்னை யாரும் கேக்கலையே."

ஆனால் கேட்டார்கள். சகலையே வந்து கேட்டார், குரலைத் தணித்துக்கொண்டு. "கிண்ணம் உறையலை, ஃப்ரிட்ஜ்லதான் ஏதோ கோளாறு போல. கம்பெனிக்காரங்க வரப் பத்து நாள் ஆகுமாம் சகலை. நீங்க ஒரு தடவை காதை வெச்சுப் பாருங்களேன்."

பதினொரு வருடம் காத்திருந்த வாக்கியம். தெர்மாமீட்டரை உருவியபடி சமையலறைக்கு நடந்தார். பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு இரண்டில் நின்றது.

"வாங்கின நாள்லேர்ந்து இதைத் திருப்பவே இல்லையா?"

"அதைத் திருப்பணுமா?"

ஐந்துக்குத் திருப்பினார். ஃப்ரிட்ஜ் ஒரு முறை உடம்பை உலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. "இப்பதான் ஓட்டம் சரியா இருக்கு." முகம் மலர்ந்துவிட்டது. "இனிமே அந்தக் கிண்ணம் கல்லு மாதிரி உறையும் பாருங்க."

"அவ்வளவுதானா!" சகலை கூடத்துக்கு ஓடினார். "அத்தே, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல! அடுத்த வாரம் நானே போட்டுடறேன்!"

"அப்படியா? நல்லதாப் போச்சு மாப்பிள்ளை! அப்ப நீங்களே செஞ்சுடுங்க" என்று கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது.

மெக்கானிக் திறந்த கதவின் முன் குந்தினார். கைக்குட்டையை எடுத்துத் திருகைத் துடைத்தார். துடைத்த விரலாலேயே அதை மறுபடி இரண்டுக்குக் கொண்டுவந்தார். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, ரப்பர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.