வரலாற்றில் அரைப் பக்கம்

அன்றைக்கு அச்சகத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஆளாளுக்குத் தான் அங்கே இல்லவே இல்லை என்று சொன்னார்கள். அண்ணன் இருந்தார், சிதம்பரத்தில் அந்த அச்சகம் அவருடையது. கணினியில் எழுத்து அடிக்கிற நான் இருந்தேன். நூல் குழுவின் தலைவர் இருந்தார், கடலூர்க்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பொருளாளர் இருந்தார், கிள்ளைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருந்தவர், தலைவரின் மனைவிக்குத் தம்பி. செயலாளர் மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கினாலும் இருந்தார் என்றுதான் கணக்கு. கடைசியாக, பிச்சாவரத்தில் படகு ஓட்டி, பிறகு மஞ்சள்காமாலையில் செத்துப்போன ஒருவரின் மனைவி. மொத்தம் ஆறு பேர்.

அது 2011 மழைக்காலம். மாவட்டத்தின் வரலாற்றைச் சிறு சிறு வாழ்க்கைக் குறிப்புகளாகத் தொகுப்பதாகச் சொல்லிக்கொண்டு இந்தக் குழு கிளம்பியிருந்தது. பெரியவர்கள், எளியவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்களாம். முழுப் பக்கத்துக்கு மூவாயிரம், அரைப் பக்கத்துக்கு ஆயிரம். காசு கொடுத்தவர் சான்றோர். கூடக் கொடுத்தவர் முன் பக்கத்துச் சான்றோர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போன ஒருவரைப் பற்றி நல்ல குறிப்பு ஒன்று வந்திருந்தது. அவர் பேரில் பணம் கட்ட ஆள் இல்லாததால் கால் பக்கமாகச் சுருக்கி ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள்.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழைக்காக யாராவது வந்து கத்துவார்களோ என்றே இருக்கும். ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி நான். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை படிப்பேன். மூன்று தடவை படித்ததால்தான் அந்தப் பெருமக்களை அவ்வளவு நன்றாகத் தெரிந்துகொள்ள முடிந்தது.

அத்தனை பேரும் ஏழையாகப் பிறந்தவர்கள். அத்தனை பேரும் தெருவிளக்கில் படித்தவர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே காலத்தில் தெருவிளக்குக்கு அடியில் உட்கார்ந்து படித்திருந்தால் சிதம்பரத்து நாலு வீதியிலும் நடக்க வழி இருந்திருக்காது. ஒருவர் தன் போட்டோவில் மீசையைக் கறுப்பாக்கச் சொன்னார். இன்னொருவர் தோளில் இல்லாத பொன்னாடையைக் கணினியில் போட்டுத் தரச் சொன்னார். செம்மங்குப்பத்தில் காலி டிரம் வாங்கி விற்கிற ஒருவர் தன்னைத் ‘தொழிற்புரட்சியாளர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அடித்துக் கொடுத்தேன். அடிப்பதற்குத்தானே சம்பளம்.

எளியவர்களைச் சேர்த்தது அன்பினால் இல்லை. பெரிய மனிதர்கள் மட்டும் இருந்தால் நூலகத்துக்கு எடுக்க மாட்டார்கள் என்று யாரோ தலைவரிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் கடைசிப் பத்துப் பக்கத்துக்கு ‘எளியோர் ஏற்றம்’ என்று தலைப்புப் போட்டார். எளியோரிடமும் அரைப் பக்கத்துக்கு ஆயிரம் வாங்கினார். அதில் ஏற்றம் எது என்று நான் கேட்கவில்லை.

படகுக்காரரின் மனைவி அந்த ஆயிரத்தை இரண்டு தவணையாகக் கொண்டுவந்து என்னிடம்தான் கட்டினார். நண்டு விற்கிற கை, நோட்டெல்லாம் ஈரம். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சுனாமி அன்றைக்கு அவர் புருஷன் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போய், மணல் திட்டில் மாட்டிக்கொண்டவர்களையும் சுரபுன்னை மரத்தில் தொங்கியவர்களையும் ஏற்றிக் கரை சேர்த்தார். அது அவர் பேரில் எழுதப்பட வேண்டும்.

“காப்பாத்துனவங்களுக்கு சர்ட்டிபிகேட்டு குடுக்குற அன்னிக்கு இவுரு பேர விட்டுட்டாங்க பாப்பா. மேடையில ஏறுனது வேற ஆளு. புக்குலயாச்சும் இருக்கட்டும்” என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். அரைப் பக்கம் சரியாக வந்தது. அடித்துவிட்டுப் படித்தபோது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பயத்தில் முந்தைய பக்கங்களைத் திறந்தேன். பொருளாளரின் முழுப் பக்கத்தில் அதே திட்டு, அதே மரத்தில் தொங்கியவர்கள், கைக்குழந்தையோடு இருந்த அதே பெண். ‘தன்னுயிரைத் துச்சமென மதித்துப் படகில் பாய்ந்து’ அவர்களை மீட்டவர் பொருளாளர்.

அன்றைக்குத்தான் எல்லோரும் பக்கம் சரிபார்க்க வந்திருந்தார்கள். அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“அண்ணா, முன்னாடி பக்கத்துல அவுரு காப்பாத்துன அதே ஆளுங்களத்தான் கடைசிப் பக்கத்துல இவுரும் காப்பாத்துறாரு.”

“சும்மா இரு. ஒரு ஆள ரெண்டு பேரு காப்பாத்துனா இன்னும் ஜாஸ்தி பத்திரமா இருப்பான்” என்றார் அண்ணன்.

மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் தலைவர் காதில் விழுந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கடைசி பெஞ்சைக் கவனித்த காது. இரண்டு பக்கத்தையும் வாங்கி அடுத்தடுத்து வைத்துப் படித்தார். பொருளாளரைப் பார்த்தார்.

“இதுல என்னா மாமா சந்தேகம்?” என்றார் பொருளாளர். “படகு யாருது? என்னுது. அவன் அத வாடகைக்கு எடுத்து ஓட்டுனவன்.”

“படகு உங்களுதுதான் மொதலாளி” என்றார் அந்த அம்மா. “அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“நான் எங்க இருந்தா என்னா? ஒருத்தன காருல போட்டு ஆஸ்பத்திரியில சேக்குறாங்க. டிரைவரா சேத்தான்? காரு வச்சிருக்குறவன்தான சேத்தான்.”

“அப்ப அந்தப் படகு கவுந்து எம் புருஷன் செத்திருந்தா, நீங்கதான் செத்தீங்கன்னு எழுதியிருப்பாங்களா?”

தூங்கிக்கொண்டிருந்த செயலாளர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததை மறைக்க மறுபடியும் தூங்கினார்.

“மறுநாளு வூட்டு வாசல்ல வந்து நின்னு, முந்தின நாளு வாடகை எங்கன்னு கேட்டீங்களே. ஊரு முழுக்கப் பொணம் கெடக்குது, நீங்க வாடகை கேக்குறீங்க. அதையும் சேத்து எழுதச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மா.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேட்டேன். கேக்காம? படகு பூரா ஒடசல். குடுத்தானா அவன்? அறுவது ரூவா. இன்னிய வரைக்கும் நிக்கிது.”

“மச்சான், அது எதுக்கு இப்ப” என்று தலைவர் இருமினார். பிறகு அந்த அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, “வரலாறுன்னா முன்னுக்குப் பின் முரணா இருக்கக் கூடாதும்மா. நான் பாத்து, யாரு மனசும் நோகாம எழுதிடுறேன். நீங்க கெளம்புங்க” என்றார்.

வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அவர் பஸ் ஏறப் போனார். அவர் தலை மறைந்ததும் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ‘இவர் பிச்சாவரத்தில் பிறந்தார். உரிய வயதில் இல்லறம் ஏற்றார். பேரிடர்க் காலத்தில் படகின் உரிமையாளருக்கு உறுதுணையாக விளங்கினார். பின்னர் இயற்கை எய்தினார்.’ அவ்வளவுதான். மீதி இடத்தில் இறால் தீவன விளம்பரம் ஒன்றை வைக்கச் சொன்னார். யார் மனசும் நோகவில்லை. இறாலுக்குக்கூட நோகவில்லை.

புத்தகம் கட்டி முடிந்த வாரத்தில் புயல் வந்து அச்சகத்துக் கூரை ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனது. புத்தகக் கட்டுகளின் மேல் நான் போர்வை, தார்ப்பாய், சாக்கு என்று கிடைத்ததை எல்லாம் போட்டு மூடினேன். அந்தப் புத்தகத்தின் மேல் இருந்த பாசம் இல்லை. நனைந்தால் நம் தலையில் கட்டுவார்கள் என்ற கவலை. நினைத்தபடியே பொருளாளர் மறுவாரம் வந்தார். அச்சகத்துக்குச் சேதமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பக்கம் நனைந்திருக்கிறதா என்று மட்டும் பிரித்துப் பார்த்தார்.

2012இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. வாசலில் ஒரு மேசை போட்டு ரசீதுப் புத்தகத்தோடு என்னை உட்கார வைத்தார்கள். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மொத்தமே ஐந்தாறு பொன்னாடைதான். போர்த்தியதும் கீழே இறங்குகிறவரிடம் வாங்கி, பின்னால் மடித்து, அடுத்த சான்றோருக்குப் போர்த்தினார்கள். மடித்துக் கொடுத்தவர் செயலாளர். அன்றைக்குத் தூங்கவில்லை. பேசியவர்கள் எல்லோரும் எளிய மனிதர்களே வரலாற்றின் அச்சாணி என்றார்கள். எளிய மனிதர்களுக்கு நாற்காலி பின் வரிசையில்.

படகுக்காரரின் மனைவி பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு புத்தகத்தை எடுத்துக் கடைசியிலிருந்து பக்கத்தைப் புரட்டினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். நாலு வரிதானே, சீக்கிரம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், மீதி அங்கே இருக்குமோ என்று. பிறகு முன்னால் போய் முதலாளியின் பக்கத்தைத் தேடிப் படித்தார். அதற்கு நேரம் ஆனது. புத்தகத்தை மூடி, “ரசீதுப் பொஸ்தவத்த எடுத்துக்கிட்டு வா பாப்பா” என்றார். ரசீதுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பந்தியில் பொருளாளரும் தலைவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பொருளாளரின் இலைக்கு எதிரே போய் நின்றார்.

“எம் பணத்தக் குடு.” இந்தத் தடவை ‘மொதலாளி’யும் இல்லை, ‘நீங்க’வும் இல்லை.

“என்னா பணம்?”

“இதுல எம் புருஷன் பொறந்திருக்காரு, கட்டியிருக்காரு, செத்திருக்காரு. இது எல்லாப் பயலும் செய்யறதுதான. இதுக்கு எதுக்கு நான் ஆயிரம் குடுக்கணும்?”

“அச்சடிச்சப்புறம் திருப்பிக் குடுக்கறதெல்லாம் கெடையாது. போயி சாப்புடு போ.”

அவர் நகரவில்லை. குரல் உயர்ந்தது. பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து இலைக்காரர், “குடுத்து அனுப்புங்களேன், சாப்புடுற எடத்துல” என்றார். பொருளாளர் இடது கையால் பையைத் தடவினார். பணம் எடுக்கும்போதே அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

“சரி, தர்றேன். ஆனா ஒம் புருஷன் வாடகை பாக்கி அறுவது நிக்கிது. அதக் கழிச்சிக்கிட்டுத்தான் தருவேன்.”

“கழிச்சிக்க” என்றார் அவர் உடனே. “ஆனா ரசீது வேணும். சுனாமி அன்னிக்கு என் படக எடுத்துக்கிட்டுப் போயி பொழுது சாயற வரைக்கும் ஓட்டுனது இன்னாருதான், அதுக்கு வாடகை அறுவது ரூவா வாங்கிக்கிட்டேன்னு எழுதி, கையெழுத்துப் போடு. பாப்பா, அந்தப் பேனாவக் குடு.”

நான் நீட்டினேன். பொருளாளர் கையை இலை ஓரமாகத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். அறுபது ரூபாய் வரப்போகிற சந்தோஷத்தில் அவர் எழுதவே ஆரம்பித்துவிட்டார். ‘சுனாமி அன்று எனது படகை’ வரைக்கும் வந்தார்.

“மச்சான், எழுதாத” என்றார் தலைவர். வாயில் அப்பளம் இருந்தது.

பொருளாளர் எழுதியதைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். புரிய வேண்டியது மெதுவாகப் புரிந்தது. ரசீதில் இருந்த அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கி இலையிலிருந்த சாம்பாரில் போட்டார். பையிலிருந்து முழுசாக ஆயிரத்தை எடுத்து மேசையில் வீசினார்.

“அப்ப அறுவது?” என்றார் அந்த அம்மா.

“அத நீயே வச்சிக்க.”

“நான் எதுக்கு வச்சிக்கணும்? எம் புருஷன் ஊரு காச ஏமாத்துன ஆளு இல்ல. என்னிக்கு நீ ரசீது எழுதுறியோ, அன்னிக்கு வந்து வாங்கிக்க. பிச்சாவரத்துல யாரக் கேட்டாலும் வூட்டக் காட்டுவாங்க.”

ஆயிரத்தை முந்தியில் முடிந்துகொண்டு, என்னையும் உட்காரச் சொல்லி, பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நான் சாப்பிட்டுக்கொண்டே ரசீதுகளை எண்ணினேன். ஒரு ரசீது எண் குறைகிறதே, யாருக்குப் பதில் சொல்வது என்று ராத்திரி முழுக்க அதே கவலை.

பிறகும் சில மாதங்கள் அவர் நண்டுக் கூடையோடு சிதம்பரம் வரும்போதெல்லாம் அச்சகத்தில் எட்டிப் பார்த்து, “வந்தாரா ஒங்க பொருளாளரு, எழுதுனாரா?” என்று கேட்பார். இல்லை என்பேன். சிரித்துக்கொண்டே போவார். தன்னுயிரைத் துச்சமென மதித்தவர் அந்த ஒரு வரியை எழுத வரவேயில்லை. வாடகை பாக்கி இன்னும் நிற்கிறது, அறுபது ரூபாய்.