காருக்குள் மகாவலி

நல்லபடி ஓடிக்கொண்டிருந்த காரின் ஏசியைக் கெடுத்தது நான்தான். அதற்குத் தானாகக் கெட்டுப்போகும் எண்ணமே இருக்கவில்லை.

எங்கள் வீடு கண்டியில், ஹந்தானை மலைச்சரிவில். அங்கே ஏசி தேவையில்லை, கண்ணாடியை இறக்கினால் போதும். ஏற்றத்தில் ஏசி போட்டால் வண்டி இழுக்காது என்று வேறு எல்லோரும் சொல்வோம். ஆகவே, ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த அந்தக் காரை வாங்கிய பிறகு, குருநாகலிலுள்ள மனைவியின் தாய்வீட்டுக்குப் போகையில், கலகெதர இறக்கம் முடிந்ததும்தான் முதன்முதலாக ஏசியைப் போட்டேன். போய் நிறுத்தினால் காருக்கடியில் தண்ணீர் சொட்டியது. ஏசி ஓடினால் சொட்டத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒழுக்கு என்று முடிவுகட்டினேன்.

வீடு திரும்பியதும் காருக்கடியில் படுத்துத் தேடினேன். ஒரு சின்ன ரப்பர் குழாய் வாய் திறந்து தொங்கியது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிச் சுருட்டி அதில் திணித்து, கம்பியால் இறுக்கினேன். அடுத்த பயணத்தில் ஒரு சொட்டுகூட வெளியே விழவில்லை. அவ்வளவும் உள்ளே, மனைவியின் காலடியில் தேங்கியது.

அவளுடைய தங்கையின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள இத சரி பண்ணலேன்னா, நான் அண்ணன் வேன்ல போயிருவேன். பட்டுச்சேலையோட தண்ணிக்குள்ள உக்கார முடியாது" என்றாள்.

திகனவில் இருக்கும் அந்த அண்ணன் உடனே போன் எடுத்தார். "என்ன மச்சான், மகாவலி ஆத்த காருக்குள்ள திருப்பி விட்டீங்களாமே?"

மழைத்தண்ணீர்தான் உள்ளே இறங்குகிறது, கதவு ரப்பரில்தான் கோளாறு என்று நினைத்தேன். மனைவியை உள்ளே உட்காரவைத்து, வாளி வாளியாகக் காரின் மேல் தண்ணீர் ஊற்றினேன்.

"எங்க ஒழுகுது?"

"உங்க மண்டையில!"

உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அப்போதுதான், மழையே இல்லாத நாளிலும் ஏசி ஓடினால் மட்டும் ஈரமாவது உறைத்தது. நின்ற காரில் ஏசியைப் போட்டு, டேஷ்போர்டுக்கடியில் தலையை நுழைத்தேன். சற்று நேரத்தில் ஏசிப் பெட்டியின் விளிம்பிலிருந்து நீர் வழிந்தது. பெட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனது. காருக்கடியில் போய்ப் பார்த்தால், அதன் நுனியில் என் கம்பிக்கட்டு. பிடுங்கியதும் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் என் முகத்தில் கொட்டியது.

ஏசி சரியாகிவிட்டது. தரைவிரிப்புதான் சரியாகவில்லை. அந்த வாரம் முழுக்கக் கண்டியில் மழை. கொடியில் கிடந்த விரிப்பு, ஈரச்சாக்கு நாற்றத்தோடுதான் காருக்குத் திரும்பியது. சாம்பிராணி போட்டேன். நாற்றம் பக்திமயமானதே தவிரக் குறையவில்லை.

கல்யாணத்தன்று காலை அண்ணனின் வேன் வாசலுக்கு வந்து நின்றது. நான் முந்திக்கொண்டு கார்க் கதவைத் திறந்தேன்.

"ஏறும்மா. ஒரு சொட்டு தண்ணி இல்ல, ஏசியும் ஜில்லுன்னு இருக்கு."

அவள் தலையை உள்ளே நீட்டி ஒருதரம் முகர்ந்தாள். பிறகு சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

"நீங்க பின்னாடி வாங்க."